மதாம் செலின் தெரியுதா?

ஆன்டெனா கட்டுகிற தொழிலில் கூரைக்கு மேலே வெயில், கூரைக்குக் கீழே வசவு. இரண்டுக்கும் தப்பி வீடு வந்து சேர்ந்தவன் எவனும் கிடையாது. வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கிற சகோதரர்களே, குழாய் ரிப்பேர்க்காரர்களே, தையல் மெஷின் வைத்தியர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

தீவுக்குத் தொலைக்காட்சி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சுதந்திரம் வரப் போகிறது என்று பாதிப் பேர் ஆனந்தத்திலும் மீதிப் பேர் பீதியிலும் இருந்த நேரம். தீவின் தென்கிழக்குக் கரையில், மாயெபூரில் ஒரு ரேடியோக் கடையில் எனக்கு வேலை. என் பெயர் சுப்பிரமணியன். ஊர் வாயில் விழுந்து அது சூபென் ஆகிவிட்டது. என்னோடு வேனில் வருகிறவன் ரோலாந். கத்தோலிக்கன். அவன் பாட்டனார் பெயர் முத்துசாமி என்பது அவனுக்கே கல்லறையில் படித்துத்தான் தெரியும். நான் கூரைமேல் ஏறுவேன், அவன் ஏணியைப் பிடிப்பான். தேர்தலில் அவன் ஆட்கள் சுதந்திரம் வேண்டாம் என்ற பக்கம், என் ஆட்கள் வேண்டும் என்ற பக்கம். வேனுக்குள் அதை மட்டும் பேசுவதில்லை.

ரோலாந்தின் மனைவி மோனிக், நாடு கைமாறுவதற்குள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் அண்ணன் குடும்பம் ஏற்கெனவே போய்விட்டது. ரோலாந் இருப்பானா, போவானா? அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு ஏணியில் ஏறும்போதும் நான் கேட்டுக்கொண்டது இந்தக் கேள்விதான். அவனைப் போல ஏணி பிடிக்க இன்னொருவன் கிடைப்பான். அவனைப் போல என் கோபத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விசிலடிக்க இன்னொருவன் கிடைக்க மாட்டான்.

இன்னொன்று. நாங்கள் எல்லாரும் பேசியது தீவின் பேச்சுமொழியான கிரியோல். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் துருப்பிடித்துப் போகக் கூடாதென்று நான்தான் இந்தக் கதையில் எல்லாரையும் தமிழ் பேச வைக்கிறேன்.

நாலு முகம்

எங்கள் பக்கத்தில் மலைகள் அதிகம். ஒளிபரப்பு அலை நேராக வராமல் மலையில் முட்டி, சுற்றிக்கொண்டு வரும். அதனால் பெட்டியில் ஒருவர் தோன்றினால் அவருக்குப் பின்னால் அவரைப் போலவே இன்னும் இரண்டு மூன்று பேர் வெளிறிப் போய் நிற்பார்கள். ஆன்டெனாவை அங்குலம் அங்குலமாகத் திருப்பித்தான் அவர்களை விரட்ட வேண்டும். நான் கூரையிலிருந்து "தெரியுதா?" என்று கத்துவேன். ரோலாந் அதைச் சன்னலுக்குச் சொல்வான். சன்னலில் நிற்கிறவர் கூடத்துக்குச் சொல்வார். கூடத்திலிருந்து பதில் கிளம்பி என்னிடம் வந்து சேர்வதற்குள் நான் குழாயைத் திருப்பியிருப்பேன். "இப்ப நல்லா இருந்துச்சே, ஏன் திருப்பினே?" என்று மூன்று வாய் வழியாக வசவு வரும். இந்தச் சங்கடத்துக்கு இன்றுவரை மருந்தில்லை.

தையல்கார ரெங்கசாமி அண்ணன் வீட்டில் ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்திலிருந்து கூரைமேல் நின்றேன். தகரம் செருப்பைத் தாண்டிச் சுட்டது. நாலு முகம் இரண்டாகக் குறைந்தது, இரண்டு ஒன்றாகவில்லை. சாயங்காலம் பெட்டியில் யாரோ பெரிய மனிதர் அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இது போதும், கையெழுத்தைப் போடுங்கள் என்று இறங்கப் பார்த்தேன். அண்ணி வெளியே வந்து ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். "மந்திரி நாலா தெரிஞ்சாலும் எனக்குக் கவலையில்லே தம்பி, மதாம் செலின் ஒருத்தியா தெரியற வரைக்கும் நீ கீழே இறங்கக் கூடாது."

யார் இந்த மதாம் செலின்?

நீங்கள் அவரைப் பார்த்ததில்லை என்றால் எப்படிச் சொல்வது? மேட்டுப் பக்கத்து ஊர்க்காரர். நரைத்த கொண்டை, கை மடித்த சட்டை, இடுப்பில் கட்டம் போட்ட ஏப்ரன். செவ்வாய்க்கிழமைகளில், செய்திக்கு முன்னால், பெட்டியில் சமைத்துக் காட்ட வருவார். ஒரு வெங்காயத்தை எடுப்பார், அதைப் பார்ப்பார், பிறகுதான் கத்தியை எடுப்பார். "தூஸ்மா, என் பிள்ளைகளே, தூஸ்மா" என்பார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். பருப்பு அடைத்த தால்பூரியும் செய்வார், சீன நூடுல்ஸும் செய்வார், பிரியாணியும் செய்வார். யார் வீட்டுச் சமையலையும் இன்னார் சமையல் என்று சொல்ல மாட்டார். பால் பொங்கி வழிந்தால் "போகட்டும், மிச்சம் இருக்கிறதே" என்று துடைப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலும் எழுதுவார். முதலில் மழை வரும், அடுத்தது பக்கத்து வீட்டுப் பூனை வரும், கத்தரிக்காய் வருவதற்குள் பாதிப் பத்தி முடிந்துவிடும். அளவெல்லாம் கைப்பிடிதான்.

எனக்கு அந்த அம்மாவைக் கண்டாலே ஆகாது. உண்மையைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆனால் தீவின் தெற்கே உள்ள அத்தனை பெட்டிகளும் ஒரே சமயத்தில் கெட்டுப்போகும், அத்தனை பேரும் என் தலையில் விழுவார்கள். அவருக்கென்ன, அங்கே உட்கார்ந்து தூஸ்மா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவசரமெல்லாம் நமக்கு. கூரைமேல் ஏறாதவர்களுக்குப் பொறுமை சுலபம் என்று ரோலாந்திடம் புலம்பினேன். அவன் விசிலை நிறுத்தாமல் ஏணியை மடக்கி வேனில் ஏற்றினான். "என் பெண்டாட்டி வாரத்திலே ஒரு நாள்தான் பேசாம உக்காந்திருக்கா, சூபென். அந்த அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, ஏணியை விட்டுடுவேன்."

சேன் பியேர் கடையில் சத்தம்

தேர்தல் சமயத்தில் எங்கள் வேன் சேன் பியேர் வரைக்கும் ஓடியது. கரும்புக்கு நடுவே ஒரு சீனர் கடை. முன்புறம் அரிசி, பருப்பு, பின்புறம் ரம். ரம் பக்கத்து அலமாரிமேல் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். நாங்கள் போனபோது இரண்டு மேசைக்காரர்களும் நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றிருந்தார்கள். ஒரு மேசை ஒரு கட்சி, அடுத்த மேசை அடுத்த கட்சி. ஒருவன் கையில் காலி பாட்டிலைக் கழுத்தோடு பிடித்திருந்தான். ஊற்றிக் குடிக்கிறவன் அப்படிப் பிடிக்க மாட்டான். ரோலாந்தையும் என்னையும் ஒன்றாகப் பார்த்ததும் இரண்டு மேசையும் எங்களைப் பார்த்தன. "நீங்க ரெண்டு பேரும் யார் பக்கம்?" என்று பாட்டில்காரன் கேட்டான்.

"கம்பிப் பக்கம்" என்றான் ரோலாந், பெட்டிக்குப் பின்னால் கையை விட்டபடியே. அவன் எதையோ அழுத்தினான், படம் வந்தது, மதாம் செலின் வந்தார். பூசணிக்கொடியின் தளிர்க் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். நாரை உரித்து, ஒவ்வொரு தண்டாக, பேசாமல். நான் கண்ணால் பார்த்தது இது: பாட்டில்காரன் முதலில் நின்றபடி பார்த்தான், அப்புறம் உட்கார்ந்து பார்த்தான், அப்புறம் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு, "எங்கம்மா இப்படித்தான் நாரு எடுப்பா" என்றான். அடுத்த மேசையிலிருந்து ஒருவன், "நாரை விட்டா தொண்டையிலே மாட்டும்" என்றான். அவ்வளவுதான் அன்றைய அரசியல். கீரை வெந்ததும் கடைக்காரர் ஓடிவந்து, செய்தி ஆரம்பிக்கும் முன்பே பெட்டியை அணைத்தார். படம் நன்றாகத்தானே வருகிறது, ஏன் அணைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "மதாம் முடிஞ்சா எல்லாரும் இன்னொரு கிளாஸ் கேப்பாங்க, செய்தி முடிஞ்சா நான்தான் நாலு கிளாஸ் புதுசா வாங்கணும்."

மோனிக்கின் கணக்கு

தேர்தல் முடிந்தது. என் பக்கம் ஜெயித்தது, ரோலாந் பக்கம் தோற்றது. ஒரு வாரம் வேனில் விசில் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தைக் கூட உருப்படியாக அனுபவிக்க முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவனாகவே, "வீட்டுக்கு வாயேன், மோனிக் உன்னைக் கேட்டா" என்றான்.

அவர்கள் வீடு மாயெபூரில் கடலை ஒட்டிய மீனவர் குடியிருப்பில். தகரக் கூரை, நீலச் சன்னல், சுவரில் மாதா படம், அதற்குக் கீழே கடையில் தவணைக்கு வாங்கிய பெட்டி. மோனிக் எனக்குக் காப்பி கொடுத்தாள். பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மதாம் செலின் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். மோனிக்கும் மடியில் தட்டை வைத்து அதே வேகத்தில் தக்காளி நறுக்கினாள். நிகழ்ச்சி முடிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தெருவில் பாதிப் பேர் போயாச்சு. டாக்டர் போயாச்சு, பாங்கு மேனேஜர் மிஸ்யே போயாச்சு, எங்க அண்ணன் போயாச்சு. மிச்சமிருக்கறவங்களை ஜெயிச்சவங்க என்ன பண்ணுவாங்களோ?" என்றாள்.

யார் என்ன செய்யப் போகிறார்கள், நானா வந்து உன் கழுத்தைப் பிடிக்கப் போகிறேன் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபமில்லை அது, பயம். எனக்கு இரண்டும் ஒரே குரலில்தான் வரும். ரோலாந் என் தோளை அழுத்தினான். மோனிக்குக்குக் கோபம் வரவில்லை. அணைந்த பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "மதாம் எல்லாரையும் தெரிஞ்சவங்க, சூபென். பெரிய இடமெல்லாம் போறவங்க. அவங்க இருக்கற வரைக்கும் நான் இருக்கேன், அவங்க கப்பலேறினா அடுத்த கப்பல்லே நாங்க."

மஞ்சள் தண்ணீர்

சுதந்திரத்துக்கு முந்தின ஜனவரியில் தலைநகரத்தில் இனக் கலவரம் வெடித்தது. அங்கே ஊரடங்கு, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் தெற்குப் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடக்குமோ என்று எல்லாரும் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில்தான் தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் கொடியேறியது. பக்கத்து ஊரான பிளேன் மாக்னியனில் தேவகி அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்தது: பெட்டி புகைகிறது, உடனே வா.

போய் இறங்கினோம். வாசலில் வேப்பிலைத் தோரணம். தேவகி அக்கா மஞ்சள் சேலையில் வாசற்படியில் நின்று கையை நீட்டி மறித்தாள். "நீ வா தம்பி. அவர் வெளியே இருக்கட்டும்." விரத வீடு. கவுச்சி சாப்பிட்டவர் உள்ளே வரக் கூடாது. பத்து நாளும் அப்படித்தான், எல்லா வருஷமும் அப்படித்தான், ரோலாந்துக்கும் தெரியும். ஆனால் அந்த வாரத்தில் அந்த வார்த்தை வேறு மாதிரி விழுந்தது. ரோலாந்தின் முகம் சுண்டிப்போனது. எதிரே பாலத்துச் சுவரில் ஐந்தாறு இளவட்டங்கள் எழுந்து நின்றார்கள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. ரோலாந் வேன் கதவைப் பிடித்தபடி நின்றான். நான் உள்ளே போனால் அவன் அங்கே தனியாக நிற்க வேண்டும்.

"அக்கா, நானும் உள்ளே வர முடியாது" என்றேன். "ஏன்?" "இவன் ரொட்டியிலே வச்சிருந்த சார்டினைத்தான் மத்தியானம் நானும் தின்னேன்." எங்கள் வீட்டில் அந்த வருஷம் சாவுத் தீட்டு, காவடி இல்லை, அதனால் தின்றது பாவமில்லை. அதைக் கேட்க அக்காவுக்கு எங்கே நேரம்? "கொடியேறின வாரத்திலே சார்டினா! தமிழ்ப் புள்ளையா நீ! உங்கம்மா காதிலே விழுந்தா?" என்று தெருவே கேட்கும்படி பிடித்துக்கொண்டாள். அத்தனை வசவும் எனக்கு. ரோலாந்துக்கு ஒன்றுகூட இல்லை. முதலில் பாலத்துச் சுவரிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அப்புறம் ரோலாந் சிரித்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாங்கள் உள்ளே போக முடியாது, பெட்டி வெளியே வரலாம். அக்காவின் கணவர் கதிரேசன் அண்ணன், காவடி எடுக்கிறவர், தாடியும் மஞ்சள் வேட்டியுமாகப் பெட்டியைத் தூக்கி வந்து மாமரத்தடி மேசையில் வைத்தார். பின்பலகையைத் திறந்தேன். உள்ளே சொட்டச் சொட்டத் தண்ணீர், மஞ்சள் நிறத்தில்! துடைத்து, காய வைத்து, ஃபியூஸும் ஒரு வால்வும் மாற்றி, ரோலாந் ஒரு கம்பியைக் கையில் தூக்கிப் பிடிக்க, படம் வந்தது. செவ்வாய்க்கிழமை, மதாம் செலின் ஒரு மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "முருகா!" என்று அலறி, அக்கா முதுகைக் காட்டித் திரும்பினாள். அண்ணனும் திரும்பினார். "அணைச்சிடட்டுமா?" "வேணாம் வேணாம், குரல் இருக்கட்டும். இந்த ரெண்டு வாரமா அந்தக் குரல்தான் எனக்குத் தூக்க மருந்து." விரதக்காரர்கள் எல்லாரும் பெட்டிக்கு முதுகைக் காட்டி வேலியைப் பார்த்து நின்று கேட்டார்கள். சார்டின் தின்ற நாங்கள் இருவரும் மட்டும் பார்த்தோம். அந்தக் காட்சியைக் கண்டு பாலத்து இளவட்டங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கலைந்து போனார்கள். கிளம்பும்போது, மின்சாரப் பெட்டிமேல் யாராவது மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களா அக்கா என்று கத்தினேன். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "வீட்டிலே இருக்கற எல்லாப் பாத்திரத்துக்கும் தெளிச்சேன், அந்தப் பெட்டிக்குள்ளே போன வாரம் பன்னி வெந்துச்சே, அதை மட்டும் எப்படித் தம்பி விடறது?"

வராத செவ்வாய்

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மதாம் செலின் வரவில்லை. அவர் நேரத்தில் ஒரு பூச்சாடிப் படமும் வயலின் சங்கீதமும் வந்தன. ஒரு காரணமும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அதே பூச்சாடி. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவர் பத்தியின் இடத்தில் சோப்பு விளம்பரம்.

கடை வாசலில் கூட்டம். பாதிப் பேர் தங்கள் பெட்டி கெட்டுப்போனது என்றார்கள். மீதிப் பேர் கப்பலேறிவிட்டாராம் என்றார்கள். ஒருவர் துறைமுகத்தில் அவரை நேரில் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். எந்தக் கப்பல் என்று கேட்டால் விழித்தார். நான் அதுவரை அவர் வந்தால் எரிச்சல்பட்டவன். அன்று அந்தப் பூச்சாடியைப் பார்த்ததும் கடையிலிருந்த பெட்டி ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் ரோலாந் சொன்னான்: மோனிக் அலமாரியைக் காலி செய்துவிட்டாள், அடுத்த செவ்வாயும் வராவிட்டால் புதன்கிழமை கப்பல் ஆபீசில் பேர் கொடுத்துவிட வேண்டுமாம். "எனக்குப் போக இஷ்டமில்லே சூபென். ஆனா அவ ராத்திரியிலே தூங்கறதில்லே. நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான். அப்போது மீன் விற்கிற சில்வி அக்கா தன் பெட்டியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கடை நடுவே இறக்கினாள். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை அக்கா என்று எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. "கொஞ்சம் தட்டித்தான் பாரேன், உள்ளே எங்கேயாவது தூங்கிட்டிருக்கப் போறா."

ரோலாந் வீட்டுக் கூரை

அந்தச் செவ்வாயும் வந்தது. காலையிலிருந்தே காற்று. புயல் தூரத்தில் கடலோடு போகிறது என்றார்கள், ஆனால் அதன் வால் எங்கள்மேல் அடித்தது. ஊர் முழுக்க ஆன்டெனா சாய்ந்தது. பொழுது சாய்கிற நேரம் ரோலாந் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, "என் வீட்டுதும் விழுந்துடுச்சு" என்றான். நினைத்திருந்தால் அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். பெட்டி இருண்டு கிடந்தால் மோனிக்குக்கு அதுவே பதிலாகி, மறுநாள் கப்பல் ஆபீசுக்குக் கிளம்பியிருப்பாள். நான் வண்டியை எடுத்தேன்.

மீனவர் குடியிருப்பில் அந்த நேரத்தில் அந்நிய முகம் என்னுடையது ஒன்றுதான். சந்து முனையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள், வணக்கம் சொல்லவில்லை. ரோலாந் ஏணியைச் சாத்திப் பிடித்தான், நான் ஏறினேன். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. வளைந்த குழாயை முழங்காலில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் தகரத்தில் டமாரென்று ஒரு கல் விழுந்தது. அடுத்தது இன்னும் பக்கத்தில். ரோலாந் திரும்பிப் பார்த்தான். ஏணியை விட்டுவிட்டு அவர்களை விரட்டப் போனால் காற்று ஏணியைச் சாய்த்துவிடும், விடாவிட்டால் அடுத்த கல் என் தலையில். அவன் விடவில்லை. மோனிக்தான் வெளியே பாய்ந்து வந்தாள். "எவன்டா அவன்? கூரைமேல நிக்கறவன் என் வீட்டு ஆளு! மதாம் செலினைப் பாக்க விடாம பண்ணினே, உன் ஆத்தாகிட்டேயே சொல்றேன்!" எங்கிருந்தோ ஒரு பெண் குரல், "இங்கேயும் படம் போச்சு மோனிக், முடிஞ்சதும் அந்த ஆளை இந்தப் பக்கம் அனுப்பு!" என்றது. கல் நின்றது.

குழாயைக் கட்டித் திருப்பினேன். "தெரியுதா?" மோனிக் சன்னலிலிருந்து, "பூச்சாடி" என்றாள். நான் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டேன். "இரு... இரு... பூச்சாடி போயிடுச்சு... வந்துட்டாங்க! சூபென், அவங்கதான்! தொடாதே!" நான் தொடவில்லை. மறுநிமிஷமே, "ஆடுது" என்றாள். இம்மி திருப்பினேன். "ஆடுது." இன்னும் கொஞ்சம். "திருப்பாதேடா, பின்னாலே சுவர்க் கடிகாரம் நேராத்தான் நிக்குது. படம் ஆடலே. அவங்க கைதான் ஆடுது."

நான் இறங்கிவந்து பார்த்தேன். ரோலாந் என் பின்னால். மதாம் செலின் இளைத்திருந்தார். எங்கே போயிருந்தார், ஏன் வரவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. சந்தை மூடியிருந்தது, கிடைத்த கத்தரிக்காய் கொஞ்சம் முற்றல், பரவாயில்லை என்றார். கத்தி நடுங்கியது. கத்தியைக் கீழே வைத்தார், இரண்டு கையையும் ஏப்ரனில் துடைத்தார், மறுபடி எடுத்தார். மறுபடியும் நடுங்கியது. நடுக்கத்தோடேயே நறுக்கினார், ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சிறிது, கடைசிக் காம்புவரை. எனக்குக் கண் கலங்கியது. கூரைத் தூசி என்று சொல்லிக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை. மோனிக் அசையாமல் பார்த்தாள். குழம்பு அடுப்பில் ஏறிய பிறகு, உள்ளே போய்க் காலி அலமாரியின் கதவைத் திறந்து, கட்டி வைத்த மூட்டையிலிருந்து முதலில் ஒரு மேசைத் துணியை எடுத்து உதறினாள். "அவங்களுக்கும் என்னை மாதிரியே பயமா இருக்கு ரோலாந், பயந்துக்கிட்டே நறுக்கறாங்க; அப்படி இங்கேயே இருந்து நறுக்க எனக்கும் முடியும்."

மார்ச் மாதம் மாயெபூர் மைதானத்தில் புதுக் கொடி ஏறியபோது ஊரே அண்ணாந்து அதைப் பார்த்தது. நானும் ரோலாந்தும் மட்டும் சுற்றியிருந்த கூரைகளில் எந்தெந்த ஆன்டெனா கோணல் என்று பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம்.